சோப்தா, துங்நாத்: மலைச் சரணாலயத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கேதார்நாத் என்றதும் கோயில்தான் நினைவுக்கு வரும். அதே பெயரில் ஒரு வனவிலங்குச் சரணாலயம் இருப்பது, அதற்குள் ஓடும் சாலையிலேயே போய்த் திரும்பியவர்களில் பலருக்குத் தெரியாது. உத்தராகண்டின் சமோலி, ருத்ரபிரயாக் மாவட்டங்களில் 975 சதுர கிலோமீட்டர் காடும் மலையும். கஸ்தூரி மானைக் காப்பாற்றுவதற்கென்று 1972இல் அறிவிக்கப்பட்டது. கீழ் எல்லை சுமார் 1,160 மீட்டர். மேல் எல்லை 7,000 மீட்டரைத் தாண்டும் சௌகம்பா பனிமுகடுகள். அதனால் ஒரு நாள் நடையிலேயே ஓக் மரக்காடு, புராம்ஷ் என்ற பூமரக் காடு, புல்வெளி, வெறும் பாறை என்று அடுக்கடுக்காக மாறிக்கொண்டே போகும்.

இந்தச் சரணாலயத்துக்குப் பல வழிகள் உண்டு. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது சோப்தா வழி. ஊக்கீமட்டிலிருந்து கோபேஷ்வருக்குப் போகும் சாலையில், ஏறத்தாழ 2,700 மீட்டர் உயரத்தில், சில கடைகளும் தங்கும் இடங்களும் கொண்ட சிறிய நிறுத்தம் அது. அங்கிருந்து துங்நாத் கோயில்வரை கல் பாவிய பாதை இருக்கிறது. வழி தவற வாய்ப்பு குறைவு. முடியவில்லை என்றால் திரும்பி இறங்கிவிடலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதுமலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் யானையைக் காட்டிக் கூட்டிவருவதுபோல இங்கே எதுவும் கிடையாது. சஃபாரி இல்லை. உங்கள் கால்தான் வண்டி. அந்த வண்டியை எவ்வளவு மெதுவாக ஓட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது, நுரையீரலுக்கும் சரி, கண்ணுக்கும் சரி.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல்முறை போனபோது விடியற்காலை ஹரித்வாரில் வண்டி ஏறி, இரவு சோப்தாவில் இறங்கினோம். ஏற்பாடு செய்தவர், மூன்று மணிக்குக் கிளம்பினால் துங்நாத்துக்கு மேலே உள்ள சந்திரசிலா உச்சியில் சூரிய உதயம் பார்க்கலாம் என்றார். கிளம்பினோம். துங்நாத் வருவதற்குள் இரண்டு பொட்டிலும் சுத்தியலால் அடிப்பதுபோல் வலி. கோயில் மதிலோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். உதயத்தையும் மேகம் மூடிவிட்டது. ஏறும்போது நான் பார்த்ததெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் முன்னால் போனவருடைய ஷூவின் குதிகால் மட்டும்தான். இறங்கும் வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கடைக்குப் பின்னாலிருந்த சரிவில் மோனால் என்ற மலைக்கோழியில் ஆண் ஒன்று வந்து மேய்ந்தது. உட்கார்ந்ததால் கிடைத்த பறவை அது.

எந்த மாதம்

ஏப்ரல், மே மாதங்களில் புராம்ஷ் பூக்கும். ரோடோடென்ட்ரான் மரம்தான்; இதன் உறவுக்கார மரத்தை நீலகிரிப் பக்கம் காட்டுப்பூவரசு என்பார்கள். கீழ்க்காட்டில் ரத்தச் சிவப்பு, மேலே போகப்போக இளஞ்சிவப்பு. மோனால் சேவல்கள் கூவித் திரிவதும் இந்தப் பருவத்தில்தான். பறவைக்காகப் போகிறவர்கள் ஏப்ரலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் நடை பெரும்பாலும் மே மாதத்தில்தான் திறக்கும். அதற்கு முன்னால் போனால் பாதையில் கூட்டம் இருக்காது, ஆனால் மேல்பகுதியில் பனி மிச்சமிருக்கலாம்.

மே கடைசியும் ஜூனும் யாத்திரைக் காலம். ருத்ரபிரயாக் சாலையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். ஜூலை, ஆகஸ்டில் புல்வெளிப் பூக்கள் அழகுதான். ஆனால் சாலையில் மண் சரியும், கீழ்க்காட்டில் அட்டை ஏறும். புதியவர்களுக்கு வேண்டாம். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். பனிமலைகளைப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை பனி. சோப்தாவுக்கு முன்னாலுள்ள துகல்பிட்டா பக்கமே சாலை மூடிக்கொள்ளும் நாட்கள் உண்டு. துங்நாத் சாமியே குளிர்காலத்தில் கீழே மக்கூமட் கிராமத்துக்கு இறங்கிவிடுகிறார், நமக்கு என்ன அவசரம்?

போய்ச் சேரும் வழி

ஹரித்வாருக்கோ ரிஷிகேஷுக்கோ ரயிலில் வந்துவிடுங்கள். விமானம் என்றால் டேராடூனின் ஜாலி கிராண்ட் நிலையம், அது ரிஷிகேஷுக்குப் பக்கம். ரிஷிகேஷிலிருந்து சோப்தா சுமார் 200 கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் நாலு மணி நேரம் என்று போட்டுவிடாதீர்கள். மலைச்சாலையில் எட்டு மணி நேரமும் ஆகும். மலைக்குப் போகும் பேருந்துகள் விடியற்காலையிலேயே கிளம்பிவிடும். ருத்ரபிரயாகில் இறங்கினால் ஊக்கீமட்டுக்குப் பகிர்வு ஜீப் கிடைக்கும். ஊக்கீமட்டிலிருந்து சோப்தாவுக்கு அப்படி எளிதில் கிடைக்காது. தனி வண்டி பேச வேண்டியிருக்கலாம்.

ருத்ரபிரயாகில் அலக்நந்தாவோடு மந்தாகினி கலக்கிறது. அங்கிருந்து மந்தாகினிக் கரையிலேயே போகும்போது அகஸ்தியமுனி என்று ஓர் ஊர் வரும். அகத்தியர் கோயில் உள்ள ஊர். பொதிகை மலைக்கு வந்து தமிழுக்கு இலக்கணம் சொன்னவராக நாம் சொல்லிக்கொள்ளும் அதே முனிவர்தான். அவர் நடந்த தூரத்தை நினைத்தால் எட்டு மணி நேர வண்டிப் பயணத்தைக் குறைசொல்ல வாய் வராது.

ஊக்கீமட்டில் செய்யவேண்டியவை: ஏடிஎம்மில் பணம் எடுப்பது, மருந்து வாங்குவது, வீட்டுக்கு ஒரு போன். சோப்தாவில் ஏடிஎம் இல்லை, சிக்னல் வரும் போகும். யுபிஐயை நம்பி மேலே ஏறிவிட்டு டீக்கு காசு கொடுக்க முடியாமல் விழிப்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

உயரத்துக்கு உடம்பைப் பழக்குதல்

இதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ரிஷிகேஷ் ஏறக்குறைய 350 மீட்டர் உயரம். துங்நாத் 3,680 மீட்டர் என்று எழுதியிருப்பார்கள் (கைப்பேசிக் கருவி அதைவிடக் குறைவாகக் காட்டினால் குழம்ப வேண்டாம்). 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு இதைச் சமாளித்துக்கொள்ளும், ஆனால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் ஓடுபவர் என்றெல்லாம் மலை பார்க்காது. சொல்லப்போனால் திடகாத்திரமானவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் சொல்லும் கணக்கு இது. முதல் இரவு ஊக்கீமட்டில், சுமார் 1,300 மீட்டர். இரண்டாம் நாள் அங்கிருந்து ஸாரி கிராமம். ஏறத்தாழ 2,000 மீட்டர். பையை அறையில் வைத்துவிட்டு, இரண்டரைக் கிலோமீட்டர் ஏறி தேவ்ரியா தால் ஏரியைப் பார்த்து வாருங்கள். அது 2,438 மீட்டரில் இருக்கிறது. காலையில் காற்று எழுவதற்கு முன்பு போனால் சௌகம்பா முழுசாகத் தண்ணீரில் கிடக்கும். இரவு திரும்ப ஸாரி. மூன்றாம் நாள் சோப்தா. அன்று ஏற வேண்டாம், சாலையோரக் காட்டில் சும்மா உலவுங்கள். நான்காம் நாள் காலை துங்நாத். பகலில் உயரம் தொட்டு, இரவு கீழே வந்து தூங்குவதுதான் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம்.

மலைநோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல் தலைகாட்டும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, பசியின்மை, தூக்கம் கெடுதல். இவை இருந்தால் அதற்கு மேல் ஏறக்கூடாது. ஓய்வெடுத்தும் குறையவில்லை என்றால் இறங்கிவிட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், பேச்சில் குழப்பம், நேர்கோட்டில் குதிகாலை ஒட்டிப் பெருவிரல் வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே துணையோடு இறங்க வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருக்கலாம், அது உயிரைக் குடிக்கும்.

கற்பூரம் முகர்ந்தால் மூச்சு சரியாகும் என்று நம் ஆட்கள் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவருவார்கள். மூக்கு திறந்ததுபோல் இருக்குமே தவிர, அது ஆக்சிஜனைக் கூட்டாது. அசிட்டசோலமைடு என்ற மாத்திரை உதவும். ஆனால் சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது, அதனால் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதயநோய், ஆஸ்துமா, கர்ப்பம் என்றால் அவர் சொல்வதே முடிவு. மது வேண்டாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குளிரில் தாகமே தெரியாது, அதுதான் வம்பு.

பையில் என்ன

ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஒரே தடித்த ஜாக்கெட்டுக்குப் பதிலாக மெல்லிய உடைகள் மூன்றடுக்கு: உள்ளே வியர்வையை இழுக்கும் தெர்மல், நடுவே கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று. பருத்தி பனியனைத் தவிருங்கள். ஏறும்போது வியர்வையில் ஊறும், நின்றதும் ஐஸாக ஒட்டிக்கொள்ளும். குல்லா, கையுறை, இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். ஷூவைப் பயணத்துக்கென்று புதிதாக வாங்கி அங்கேயே போட்டுத் தொடங்காதீர்கள். வீட்டில் இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழக்குங்கள்.

வெயிலையும் குளிரையும் ஒன்றாக அனுபவிக்கும் இடம் இது. மேலே போகப்போகப் புறஊதாக் கதிர் கூடும். பனி இருந்தால் கீழிருந்தும் அடிக்கும். கருப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் ஆடம்பரம் இல்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் இரவில் கைப்பேசியையும் கேமரா பேட்டரியையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்று அவசியம். பெரிய லென்ஸ் இருக்கிறதா, பைனாகுலர் இருக்கிறதா என்று கேட்டால் நான் பைனாகுலர் பக்கம்தான்.

அனுமதியும் விதிகளும்

காட்டுக்குள் நுழையும் இடங்களில் வனத்துறைச் சாவடி இருக்கும். அடையாள அட்டையைக் காட்டி, நுழைவுக் கட்டணம் கட்டி, ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இந்தியருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு. முக்கியப் பாதையை விட்டு ருத்ரநாத் கோயில் போன்ற உட்பகுதிகளுக்குப் போக எண்ணம் இருந்தால் கோபேஷ்வரில் உள்ள வனப்பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

புல்வெளியை அங்கே புக்யால் என்பார்கள். பார்த்தால் கால்பந்து மைதானம் போல இருக்கும். ஆனால் வருடத்தில் பாதி பனிக்கடியில் கிடந்து, சில மாதங்களே வளரும் புல் அது. ஒரு கூடாரம் சில நாள் நின்ற இடத்தில் தழும்பு நெடுநாள் இருக்கும். அதனால்தான் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் 2018இல் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடைசெய்தது. யாராவது உங்களை மேலே கூடாரத்தில் தங்க வைக்கிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். தீ மூட்டுவது, பாட்டுப் போடுவது, ட்ரோன் விடுவது, செடி பிடுங்குவது எதுவும் கூடாது. பிஸ்கட் உறை முதல் ஈரத் துடைப்பான் வரை எல்லாக் குப்பையும் உங்களோடு கீழே வர வேண்டும். ஒதுங்க நேர்ந்தால் ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி மூடிவிடுங்கள்.

ஏறும் நாள்

சூரிய உதயத்தை விட்டுவிடுங்கள். எல்லோரும் அதற்காக இருட்டில் ஓடுவார்கள். இருட்டில் காட்டுப்பாதையில் நடப்பது நல்லதும் அல்ல. சிறுத்தையும் இமயமலைக் கருங்கரடியும் உள்ள காடு இது. வெளிச்சம் பரவியபின், ஆறு மணி வாக்கில் கிளம்பினால் போதும்.

பாதை நாலு கிலோமீட்டருக்குள்தான், ஆனால் விடாத ஏற்றம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றுவிட்டால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். ஒவ்வொரு வளைவிலும் நில்லுங்கள். நிற்கும்போது சும்மா நிற்காமல், கீழ்ச்சரிவை இடமிருந்து வலமாக பைனாகுலரால் மெதுவாக ஒருமுறை துழாவுங்கள். இப்படி நின்று நின்று போனால் மூன்று மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

முதல் பகுதியில் மரங்கள். லங்கூர் குரங்குகளும் சின்னச் சின்னப் பறவைகளும் அங்கே. மரங்கள் குட்டையாகி முடியும் இடம்தான் முக்கியம். புதரும் புல்லும் கலந்த அந்த விளிம்பில்தான் மோனால் மேயும். வெயில் படாதவரை ஆண் மோனால் ஒரு கரிய, குண்டுக் கோழி. வெயில் பட்ட கணம் தலையிலும் கொண்டையிலும் பச்சை, கழுத்தில் செம்பு, முதுகில் ஊதா எல்லாம் எண்ணெய் ஊற்றியதுபோல் ஓடும். நம் வீட்டுக் கோழி காலால் கிளறும். இது அலகாலேயே மண்ணைக் குத்திக் குத்திக் குழி பறித்து, கிழங்கையும் புழுவையும் எடுக்கிறது. அன்று டீக்கடைக்குப் பின்னால் வந்தது குழிக்குள் கண்வரை தலையைப் புதைத்து, பத்து நொடிக்கு ஒருமுறை மண் ஒட்டிய முகத்தோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நான் அசையவில்லை, அதுவும் போகவில்லை. பக்கத்தில் போக ஒரு அடி எடுத்து வைத்திருந்தால் விசில் அடித்துக்கொண்டு பள்ளத்தாக்கில் சரிந்திருக்கும். அப்படிப் பறக்கும்போது முதுகில் தெரியும் வெள்ளைத் திட்டுதான் பலர் பார்க்கும் ஒரே மோனால்.

துங்நாத் பக்கம் பாறைக் குவியல்கள் வரும். அங்கே ஐந்து நிமிடம் உட்காருங்கள். எலிபோல ஒன்று தலையை நீட்டும். வட்டக் காது, வால் தெரியாது. அது எலி இல்லை, முயலுக்கு உறவான பிக்கா. குளிர்காலம் முழுக்க உறங்கப் போகாமலே அந்தப் பாறையிடுக்கிலேயே காலம் தள்ளுகிறது. பிஸ்கட் கொடுக்காதீர்கள்; குழந்தைகள் கையிலிருந்து பழகி, கடைகளைச் சுற்றியே அலைகிறது.

எதிர்ப்பக்கச் செங்குத்துப் பாறைகளில் பிடரிமயிர் தொங்கும் பெரிய ஆடுகள் தெரிந்தால் அவை இமயமலைத் தார். நம் நீலகிரி வரையாட்டையும் இதையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்து வரையாட்டைத் தனியாகப் பிரித்தார்கள். வரையாடு செம்மறி ஆடுகளுக்கு நெருங்கியதாம். வானத்தையும் மறக்காதீர்கள். எலும்பைத் தூக்கிப்போய்ப் பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் தாடிப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு இந்தப் பள்ளத்தாக்குகளில் சுற்றும்.

சரி, கஸ்தூரி மான்? பார்க்க வைக்கிறேன் என்று உறுதி கொடுக்கும் வழிகாட்டியை நம்ப வேண்டாம். அந்தியிலும் விடியலிலும் இரவிலும் தனியாக நடமாடும் கூச்சப் பிராணி. கொம்பு கிடையாது, ஆணுக்கு மேல்தாடையிலிருந்து இரண்டு கோரைப்பற்கள் கத்திபோல் கீழே நீண்டிருக்கும். கொப்பூழ் அருகே கஸ்தூரிப் பை இருப்பதும் ஆணுக்கு மட்டும்தான். அந்தப் பைக்காகவே வேட்டையாடி இந்த இனத்தை அருக வைத்தார்கள். பாதையோரத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாக ஒரே இடத்தில் குவிந்த புழுக்கை தெரிந்தால் அது கஸ்தூரி மானின் கழிப்பிடமாக இருக்கலாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும் பழக்கம் அதற்கு உண்டு. எனக்கு இதுவரை கிடைத்தது அந்தப் புழுக்கைதான்.

துங்நாத்துக்கு மேலே சந்திரசிலா உச்சி, இன்னும் ஒரு செங்குத்தான ஏற்றம். தலைவலி இல்லை, வானம் தெளிவு, மணி பத்துக்குள் என்றால் மட்டும் போங்கள். மதியத்துக்குப் பின் மேகம் ஏறிவரும், இடியும் வரலாம். உச்சியில் ஒதுங்க இடம் கிடையாது. இறங்கும்போது முட்டி வலிக்கும் என்பதால் கைத்தடி ஒன்று வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழி

வந்த வழியே திரும்பாமல் மண்டல் கிராமம் வழியாகக் கோபேஷ்வருக்கு இறங்கிப் பாருங்கள். சோப்தாவைத் தாண்டியதும் சாலை அடர்ந்த காட்டுக்குள் போகிறது. நடுவே காஞ்சுலா கரக் என்ற இடம். கஸ்தூரி மான்களை வளர்த்துப் பெருக்க 1980களில் மையம் தொடங்கியது இங்கேதான். பறவை பார்ப்பவர்களுக்கு இந்தச் சாலை ஒரு விருந்து. வண்டியை முன்னால் போகச் சொல்லிவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து இறங்குங்கள். இறக்கம் என்பதால் மூச்சும் வாங்காது.

மண்டலிலிருந்து கோபேஷ்வருக்குப் பகிர்வு ஜீப் உண்டு. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலையில் பிற்பகலுக்கு மேல் வண்டிகள் அருகிவிடும்.